கூடத்தில் நின்ற சறுக்குவண்டி

பிப்ரவரி 11

பன்னிரண்டு மைல், ஒரு மணி ஏழு நிமிடம். வண்டியில் பூட்டிய இதே எட்டு நாய்களோடு என் கணவர் ஆர்வில் ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடுவார். நான் அவரைவிட எழுபது பவுண்டு இலேசு. எடை குறைந்தால் உராய்வும் குறையும். நியாயமாக நான்தான் முந்த வேண்டும். எங்கே உதைக்கிறது?

கொழுந்தன் டெல்பர்ட் ஆற்றங்கரையில் கடிகாரத்தோடு நின்றான். "அண்ணி, நாய்ங்க அண்ணனைத் தேடுதுங்க. நீங்க ஏன் வீணா உசுர விடுறீங்க? என் முற்றத்துக்கு அனுப்பிடுங்க."

வீம்பில் சொல்லிவிட்டேன்: மார்ச் திருவிழாப் பந்தயத்தில் நான் ஒரு மணி நேரத்துக்குள் வராவிட்டால் எட்டையும் ஓட்டிக்கொண்டு போ. என் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

பிப்ரவரி 12

வண்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. ஜனவரியில் கைப்பிடி கழன்றபோது பசை காயட்டும் என்று உள்ளே கொண்டுவந்தேன். பசை காய்ந்து மூன்று வாரமாகிறது. இருக்கட்டுமே. ஓட்டம் முடிந்ததும் மறுபடி உள்ளே இழுத்துவிடுகிறேன். அக்டோபரில் அவர் இறந்துபோன பிறகு இந்த வீட்டில் அடுப்பைத் தவிர எதுவும் சத்தம் போடுவதில்லை. கைப்பிடியில் அவர் சட்டை தொங்குகிறது. காலையில் "நகருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டிப் போகிறேன்.

பிப்ரவரி 13

வண்டிக்கடியில் ஈரம். துடைத்தேன்.

பிப்ரவரி 19

பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. வண்டியின் சறுக்குக்கட்டைக்கு அடியில் ஒட்டிய பட்டை உரசும் சூட்டில் பனி துளியூண்டு உருகும். அந்த ஈரத்தின் மேல்தான் வண்டி வழுக்கும். இந்தக் குளிரில் அது போதாது, பனி மணலாகிவிடும். கடுங்குளிருக்கான பட்டையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி ஆறு. ஒரே ஒரு நிமிடம்!

முன்னால் ஓடும் நிக்கல் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தாள். அவரைத் தேடுகிறாளா? தேடட்டும். நானும்தான் தேடுறேன். அழுதேன், இமை உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. அழறதுக்குக்கூட வெயில் வரணும் இந்த ஊர்ல.

பிப்ரவரி 26

வழியில் கயிறு சிக்கிக்கொண்டது. வண்டியைச் சாய்த்தபோது ஏதோ தோன்றி, கையுறையைக் கழற்றிப் பட்டையின் அடியில் விரலை ஓட்டினேன். முனையிலிருந்து முனைவரை சொரசொரவென்று பனிக்கட்டி.

அடுப்பருகே சூடேறிய வண்டியை நேராகப் பனியில் வைக்கிறேன். அடியில் பனி உருகுகிறது. பட்டை குளிர்ந்ததும் அந்த நீர், பனித்துகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே உறைகிறது. என் நாய்கள் இத்தனை நாளும் உப்புத்தாளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. தினமும் நான் துடைத்த ஈரம் அதுதான்.

"வண்டியும் நாயும் வெளியதான் தூங்கணும்" என்பார். இடத்தை அடைக்கும் என்று சொல்கிறார் என்றே முப்பது வருடம் நினைத்திருந்தேன்.

நிக்கல், உன்மேலயா பழியப் போட்டேன்? நான்தான்டி. நான்தான்.

பிப்ரவரி 27

வண்டியை வெளியே வைக்க வேண்டும். நாளைக்கு வைக்கிறேன்.

மார்ச் 1

வைக்கவில்லை. ஓட்டவும் போகவில்லை.

மார்ச் 6

நாளைக்குப் பந்தயம். வைத்துவிட்டேன். சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தக் கூடம் இவ்வளவு பெரிதா?

மார்ச் 7

ஐம்பத்தெட்டு நிமிடம்! மூன்றாம் இடம். பட்டைக்கடியில் பனி சீறிக்கொண்டே வந்தது. நிக்கல் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டெல்பர்ட் தலையைச் சொறிந்தான். "உறைஞ்ச தரையில நெருப்பு மூட்டி எட்டுக் கம்பம் நட்டு வச்சிருக்கேன் அண்ணி. இப்ப அதுல என்னத்தக் கட்டுறது?"

"உன்னையே கட்டிக்கோ."

கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை மாதமாயிற்று.

மார்ச் 8

காலையில் பழக்கத்தில் ஈரம் துடைக்கும் துணியோடு கூடத்துக்குப் போனேன். "நகருங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

தரை காய்ந்திருந்தது.

துணியை அடுப்பருகே மாட்டிவிட்டு, எட்டுப் பேருக்கும் மீன் வெட்டப் போனேன்.