வெட்டாமல் விட்ட கை

மச்சான்,

இன்று உன் திவசம். உன் அக்கா வீட்டு வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. உள்ளே சுவரில் எங்கள் உதைபந்தாட்ட அணியின் பழைய படம். அதைப் பற்றி உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும்.

நீ எங்கள் பந்துக்காப்பாளன். பயிற்சியில் நான் அடித்த பந்தில்தான் உன் சுண்டுவிரல் முறிந்து, கோணலாகவே பொருந்தியது. அந்தக் கோணல் விரலோடுதான் கொழும்புக் கழகம் ஒன்று உன்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. எங்கள் ஊரில் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன் நீ ஒருவன்தான்.

லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. "அங்கை சனம் எனக்குக் கை தட்டுது மச்சான். ஊரிலை குண்டு விழுந்ததெண்டு ரேடியோ சொல்லுது. சோறு இறங்குதில்லை" என்றாய். "விசரா, உன்ரை வேலை பந்து பிடிக்கிறது" என்று கத்தினேன். நீ சிரித்தாய். அடுத்த கிழமை சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்விட்டாய். எட்டு மாதத்தில் நீ செத்த செய்தி மட்டும் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

பிறகு ஆமி ஊருக்குள் வந்து வீடு வீடாகச் சோதித்தது. அக்காவிடம் இருந்த உன் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போயிருந்தன. என்னிடம் இருந்த அணிப் படத்தில் உன்னைப் பிளேட்டால் வெட்டி அடுப்பில் போட்டேன். இயக்கக்காரன் படம் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. என் தோளில் கிடந்த உன் கையை மட்டும் விட்டேன். அதை வெட்டினால் என் தோளும் போய்விடும். மிச்சத்தைப் பெட்டிக்கடியில் வைத்தேன்.

அக்கா படம் கேட்டபோதெல்லாம் "அது துலைஞ்சு போச்சுது அக்கா" என்றேன். போன மாதம் கண் ஒப்பரேஷன் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இப்ப வடிவாத் தெரியுது தம்பி. எங்கையாவது தேடிப் பார். அவன்ரை முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. நடந்ததைச் சொல்லிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு அந்தக் கையைத் தடவினார். "இது நீ முறிச்ச விரலெல்லே" என்றார். படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இன்று அது சட்டம் போட்டு மாலையோடு தொங்குகிறது. சந்தனப் பொட்டை உன் கோணல் விரலில் வைத்திருக்கிறார். அதாவது, என் தோளில். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்தது நான் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நீ கையை எடுக்காதே, மச்சான்.