கொழிஞ்சிக்கு ஒரு கட்டம்

தாழக்குடி
18-4-1951

பிரியமுள்ள தம்பி கோலப்பனுக்கு அக்கா உலகம்மை எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரி விஜயமும் சுகந்தானே? பொங்கலுக்கும் வரவில்லை, கடுதாசியும் இல்லை, இருக்கட்டும்.

ஒரு அநியாயம் கேள். சீமை உரத்தால் கட்டிதட்டிப்போன வயலில், அறுப்பு முடிந்ததும் கொழிஞ்சி விதைத்தேன். பூத்ததும் மடக்கி உழுதால் அதுவே உரம். ஓவர்சியர் வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, காடுபிடித்த தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். சாவடியில் ஒட்டிய பட்டியலில் என் வயலுக்குத் தண்ணீர் இல்லை. இந்தக் கன்னிப்பூ பருவத்தில் நெல் நடாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு ஏது? தண்ணீர்ப் பட்டியல் போடுவது உன் ஆபீஸ்தானே, ஒரு வார்த்தை சொல்.

உலகம்மை

வலியசாலை, திருவனந்தபுரம்
26-4-1951

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஃபாரத்தில் இரண்டே கட்டம்: பயிர், தரிசு. கொழிஞ்சியை எதில் எழுத? ஆபீஸ் பெரியவர் முன்னால் குமாஸ்தா நான் வாய் திறக்க முடியுமா? அதை அழித்துவிட்டு மனு போடு. அடுத்த வருஷம் சேர்ப்பார்கள்.

கோலப்பன்

தாழக்குடி
2-5-1951

தம்பி,

அடுத்த வருஷமா? அதுவரை பிள்ளைகள் உன் ஃபாரத்தையா தின்னும்? பஸ் டிரைவர் ஆறுமுகநயினாரிடம் ஒரு கட்டு கொழிஞ்சி, வேரும் மண்ணுமாகக் கொடுத்திருக்கிறேன். உன் பெரியவர் மேசையில் வை. பயமாக இருந்தால் சொல்லு, நானே பஸ் ஏறுகிறேன்.

உலகம்மை

வலியசாலை
11-5-1951

அக்கா, ஜெயித்துவிட்டோம்!

மேசையில் வைத்தேன். ஃபைல் மேலெல்லாம் மண். "எந்தாடோ இது?" என்று கத்தினார். "நாம தரிசுன்னு எழுதினது இதுதான் ஸார்" என்றேன். அவர் வேரில் உரம் சேர்க்கும் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தார், ஓவர்சியரைக் கூப்பிட்டுத் திட்டினார், பிறகு என்னிடம், "எங்கில் ஒரு கோளம் கூடி வரய்க்கெடோ!" என்று இன்னொரு கட்டம் போடச் சொன்னார். மூன்றாவது கட்டத்துக்கு நானே கோடு போட்டேன். உன் வயலோடு இன்னும் பதினாறு வயல்களுக்கும் தண்ணீர்!

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பழைய பட்டியலை நகலெடுத்தது நான்தான். உன் பெயரைப் பார்த்தும் தரிசு என்றே எழுதினேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

கோலப்பன்

தாழக்குடி
5-6-1951

என் ராசா கோலப்பா,

மடை திறந்தாச்சு! மடக்கி உழுத கொழிஞ்சி தண்ணீரில் அழுகி ஊரே நாறுகிறது. எனக்கு அது சந்தனமாக மணக்கிறது. ஓணத்துக்குப் புத்தரிசிச் சோறு உண்டு, விஜயத்தோடு வந்து சேர்.

பட்டியல் உன் கையெழுத்து என்று சாவடியிலேயே கண்டுகொண்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தரிசு என்று எழுதின கையே அதை அடித்துத் திருத்தட்டும் என்றுதான் முதல் கடுதாசியை உனக்குப் போட்டேன்.

உன் அக்கா
உலகம்மை