இன்னும் இரண்டு நாள்

வியாழன், இரவு.

சிவாஜிநகர் ஆட்டோ டிரைவர் முருகேசனின் ரத்தப் புற்றுநோய்க்கு, அவருடைய வெள்ளணுக்களையே நோயைத் தாக்கும்படி மாற்றி எங்கள் ஆஸ்பத்திரி லேபில் வளர்க்கிறேன். நாளை அவருக்கு ஏற்ற வேண்டும். இன்று எண்ணியபோது தேவையானதில் பாதிதான் பெருகியிருந்தது.

"இருக்கிறத அனுப்பிடலாம், கையெழுத்து போடும்மா," என்றார் லேப் தலைவர்.

"நல்லாத்தான் பெருகுது சார். ரெண்டு நாள் குடுங்க." நான் பேனாவைத் தொடவில்லை. முருகேசனின் டாக்டரும் என் பக்கம்தான் பேசினார்; ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வார்டில் இருந்த முருகேசனின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை பக்காவா ரெடியாயிடுமா மேடம்?"

"ஆயிடும்மா."

அப்படி உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அதுதான் உறுத்துகிறது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்களைப் பார்த்தவள் நான். நாளை அந்தம்மா மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.