ஒரு விமானமும் பறக்கலை

ஏன்னா,

கம்ப்யூட்டரை அணைக்கலை. உங்க யுத்த விளையாட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டேள். இருக்கிற ஆளையெல்லாம் விமானம் கட்ட அனுப்பணுமா, ஆராய்ச்சிக்கு அனுப்பணுமான்னு அது கேட்டுண்டே இருந்தது. நம்மாத்து வழக்கப்படி படிப்புதான் முதல்னு எல்லாரையும் ஆராய்ச்சியில உக்காத்தி வச்சேன். புதுசு புதுசா விமானம் கண்டுபிடிச்சாளே தவிர, ஒண்ணைக்கூடக் கட்டலை. இப்போ எதிரி வந்து குண்டு போட்டுண்டிருக்கான். எங்கே தப்பு பண்ணினேன்னு எனக்கு விளங்கலை.

ரசத்தைச் சுட வச்சுக்கோங்கோ. அப்பளம் டப்பாவில இருக்கு. நான் பி.எட். சேரப் பாளையங்கோட்டை போறேன்.

ஜயலக்ஷ்மி

இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: படிச்சு என்னத்தைக் கிழிச்சேள்னு அந்த ஆராய்ச்சிக்காராளைக் கேட்டா நியாயம் உண்டு. இன்னும் சேரவே சேராத என்னை நேத்து அதையே ஏன் கேட்டேள்?