அப்பாவின் ஆம்ப்பில் நான் வைத்த குமிழ்

வையல்லா,
ஆகஸ்ட் 9

அன்புள்ள லாக்லன்,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் அந்த அபர்டீன் மழையில் சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்பா தேறி வருகிறார் என்று போனில் சொன்னேனே, அது பொய், அதைச் சரி செய்யத்தான் இந்தக் கடிதம். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அசையவில்லை, பேச்சு நாளுக்கு நாலைந்து வார்த்தைதான், கதவை அடித்துச் சாத்தினால்கூடத் தலையைப் பிடித்துக்கொள்கிறார். போன மாதம் முழுவதும் ஷெட் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் என்னென்னவோ எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசியில்தான் புரிந்தது, அவருக்கு வேண்டியது கிடாரும் அந்த ஆம்ப் பெட்டியும்.

உனக்குத்தான் தெரியுமே, அந்தப் பழைய வால்வு ஆம்ப்பின் சத்தத்தை முழுக்கத் திறந்தால்தான் கிடாரில் அவருக்குப் பிடித்த உறுமல் வரும். முப்பது வருஷம் பப்பில் அப்படித்தான் வாசித்தார், குறைக்கச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார். இப்போது அந்தச் சத்தத்தை அவர் தலை தாங்காது. அதனால் சத்தத்தை அடக்க மாஸ்டர் வால்யூம் குமிழ் ஒன்று வைத்தேன்: முன்னால் இருக்கும் சின்ன வால்வுகள் வேண்டிய மட்டும் உறுமட்டும், கடைசிப் பெரிய வால்வுகளுக்குப் போகும் முன் அதைக் குறைத்துவிடலாம். பயப்படாதே, அதன் முகப்பில் துளை போடாதே என்று நீ எப்போதோ கெஞ்சினாயே, போடவில்லை, பின்னால் இரண்டாவது ஸ்பீக்கர் செருகும் துளையிலேயே குமிழைப் பொருத்தினேன். ரேடியோ ஃபாக்டரியில் பதினெட்டு வருஷம் சாலிடர் வைத்த கை, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கும் கரண்டை வடித்து, அதற்கப்புறமும் கரண்ட் மார்பு வழியே பாயாமலிருக்க ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். இத்தனை கவனத்திலும் குமிழின் இரண்டு ஓரக் கம்பிகளை இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

கிடாரைக் கட்டிலில் கிடத்தி நான் கம்பிகளை அழுத்திப் பிடிக்க, அப்பா இடது கட்டைவிரலால் இழுத்தார். அடியோடு குறைத்து வைத்திருப்பதாக நான் நினைத்த குமிழ் முழுக்கத் திறந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார், "விடு நோலீன், இன்னொரு தடவ" என்றார். அப்புறம் இரண்டு நாள் தலை தூக்கவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் ஐலீன், "ஏன் நோலீன், மனுஷன உயிரோட விடப்போறியா இல்லயா?" என்று கத்தினாள்.

குமிழின் கம்பிகளைச் சரியாக மாற்றி வைத்துவிட்டேன். இப்போது ஆம்ப் அடக்கமாக உறுமுகிறது, தினம் காலையில் கொஞ்ச நேரம் இரண்டு பேருமாக வாசிக்கிறோம். என் வேலை எனக்கே பெருமையாக இருந்தது. நேற்று அப்பா பாதியில் விரலை எடுத்துவிட்டு, "பக்கத்து வீட்ல யாரோ வாசிக்கிறாங்க" என்றார். அவர் வாசித்ததே அவருக்குச் சுவருக்கு அப்பாலிருந்து வருவதாகக் கேட்டிருக்கிறது.

இன்னொரு பக்கவாதம் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்தால் தாங்க மாட்டார் என்கிறார் டாக்டர். டிக்கெட் போட்டுக் கிளம்பி வா, பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றே பார். நீ வந்து வாசி, நான் குமிழை முழுக்கத் திறந்து விடுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன், கண்ணை மூடித் தலையாட்டினார். அன்று அவருக்கு என்ன ஆனாலும் அது என் பொறுப்பு, உன்னுடையது இல்லை.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
நோலீன்