வெளிச்சம் ஆகாத படம்

என் ஆசை அண்ணனுக்கு,

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே சாரலில்தான், பட்டாளத்து லீவில் வந்த நீ குற்றாலத்துக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டாய். சீசனுக்குக் கடை போட்டிருந்த படக்காரர் மாதிரிப் படம் ஒன்றைக் கொடுத்து, இது சரியாகக் கழுவாதது, வெளிச்சத்தில் வைத்தால் கறுத்துப்போகும், நல்ல படம் பிறகு தருகிறேன் என்றாராம். அதை என்னிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனாய். சீசன் முடிந்ததும் அந்த ஆள் நல்ல படத்தைத் தராமலே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பர்மாவிலிருந்து உன் உடம்பு வரவில்லை, தந்திதான் வந்தது. பதினாறாம் நாள், முற்றத்தில் நாற்காலி போட்டு, உன் படத்துக்கு மாலை சாத்தி வைத்தது நான்தான். நடுப்பகலில்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. மதினி கைக்குழந்தையோடு அதைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். எப்படி எடுப்பேன்? சாயங்காலம் பார்த்தால் உன் வலது கன்னம் இல்லை. பாவி நான், எனக்கு முன்பே தெரியும் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வெளிச்சத்தில்தான் கறுக்கிறது என்று கண்டு, மதினி அன்றைக்கே அதைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மூடி வைத்தாலும் உள்ளே நீ கறுத்துக்கொண்டே இருக்கிறாய் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கம் போகவே கால் கூசுகிறது. "ஏட்டி" என்று நீ கூப்பிடுவதுகூட இப்போது என் குரலில்தான் கேட்கிறது. உன் குரல் எங்கே போயிற்று?

நீ லீவு முடிந்து பட்டாளத்துக்குப் போன பிறகு பிறந்த உன் மகளுக்கு நான்கு வயது ஆகிறது. போன வாரம் என்னிடம், "அத்தே, எங்கப்பா எப்படி இருப்பாவ?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். உன் வகிடு எந்தப் பக்கம், அண்ணே?

படத்தைக் காட்டலாம் என்றால் மதினி சாவியைத் தரவில்லை. "தொறந்தா அவுக போயிருவாவ தாயி. மூடியே கெடக்கட்டும்" என்று அழுதாள். யாரும் பார்க்காமல் வைத்திருந்து யாருக்கு ஆகப்போகிறது என்று கத்திவிட்டேன். எனக்குத்தான் முன்கோபம் தெரியுமே. இரண்டு நாள் பேச்சில்லை. இன்று காலையில் அவளே சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, தானும் கூட உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

நாளைக்குச் சாரல் விட்டு வெயில் வந்ததும் மூன்று பேரும் முற்றத்தில் உட்காருவோம். உன் மகள் போதும் என்கிற வரை மூடமாட்டேன், அண்ணே. இது சத்தியம். அவள் பார்த்த பிறகு நீ போகலாம்.

உன்னை வெயிலில் வைத்த
தங்கச்சி