சுதாவின் தூக்கமும் பொத்தேரி மனையும்

2-9-91, திங்கள்

காலையில் தூறல். அரை நாள் லீவு. தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து நர்சிங் ஹோம் போய்ச் சேர மணி பதினொன்று. சுதாவைச் சேர்த்து இது மூன்றாவது வாரம். பதினேழு வயதுப் பெண், பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டுமாம். அதனால் அவள் அம்மா கமலாவுக்கும் பள்ளியில் சம்பளமில்லாத லீவு.

டாக்டர்: "இன்னும் ஒரு மாசமாவது இருக்கட்டும் சார். காதுல குரல் கேக்கறது முழுசா நிக்கல."

ஆபீசில் இந்த வியாதிக்கு மெடிக்கல் பில் பாஸாகாது. கேட்டாயிற்று.

வராந்தாவில் வைத்துக் கமலாவிடம் சொன்னேன், பொத்தேரி மனையைக் கொடுத்துவிடலாம் என்று. "வீடு கட்ட நமக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சரி, புரோக்கர்கிட்ட சொல்லுங்க."

அடுத்த தடவை: ஹார்லிக்ஸ், கமலாவுக்கு இரண்டு புடவை, சீப்பு.

4-9, புதன்

நம்ப முடியவில்லை. சுதா தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று இட்லி. "குரல்லாம் போயிடுச்சுப்பா. வீட்டுக்குப் போலாம்." டாக்டரிடமும் அதையே சொன்னாளாம்.

புரோக்கருக்குப் போன், கொஞ்சம் பொறுங்கள் என்று. ஸ்டேஷனில் மசால் வடை. ரொம்ப நாளைக்குப் பிறகு நாக்கில் ருசி.

6-9, வெள்ளி

நல்ல வெயில். போனதுமே கமலா வெளியே அழைத்தாள். பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருக்கும் பள்ளிக்கரணை அம்மாள் சொன்னாராம்: "இன்னாம்மா, உன் பொண்ணு ராவெல்லாம் முயிச்சிகினு கீது. போர்வைக்குள்ள யார்கிட்டயோ பேசுது. டாக்டர் வந்தா மட்டும் சிரிக்குது." கமலா பாவம், அலுப்பில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருக்கிறாள்.

சுதாவிடம் கேட்டேன். முதலில் கோபம். பிறகு மெதுவாக, "மனையை விக்காதீங்கப்பா. நான் சமாளிச்சுக்கறேன்."

வராந்தா ஜன்னல் அவள் கட்டிலுக்கு நேர் மேலே. அங்கே நின்று மனையைப் பற்றிப் பேசிய எங்கள் புத்தி எங்கே போயிற்று?

"அது வெறும் காலி இடம்மா. முள்ளுதான் மொளைச்சிருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. உன் ரூம் இங்கே என்று அந்த மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியவன் நான்தானே.

11-9, புதன்

மனைக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. வாங்குகிறவர் காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடக் கட்டப்போகிறாராம். தன்மையான மனிதர், பேரம் அதிகம் இல்லை.

சுதாவிடம் மறைக்கவில்லை.

"குடுத்துட்டீங்களா?"

"ஆச்சும்மா. இனிமே நீ சிரிச்சுக் காட்ட வேண்டாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

13-9, வெள்ளி

ஆபீசுக்குக் கமலாவின் போன். காலையில் சுதாவே டாக்டரிடம் சொன்னாளாம்: "பொய் சொல்லிட்டேன் டாக்டர். இன்னும் கேக்குது." மருந்தை மாற்றி எழுதியிருக்கிறார்.

போனை வைத்ததும் எதிர் சீட்டுக்காரர், "என்ன சார், ஏதாவது நல்ல சேதியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.